பாடாத ட்வீட்டர்

திருநகர், மதுரை-6
ஜூன் 18

அன்புள்ள பிலோமினாளுக்கு,

மாதாவின் துணையால் நான் இங்கு நலம். நீயும் ஐரினும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அங்கு நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நீ யோசிக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு போனை எடுக்க எனக்கு மனமில்லை. பாப்பாவுக்குச் சளி என்று நீ சொன்னது எனக்குக் ‘கிளி’ என்று கேட்டது. கிளி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன். நீ சிரித்தாய். பின்னால் நின்ற ஐரினும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் உங்களுக்குள் மெல்ல ஏதோ பேசிக்கொண்டீர்கள். மெல்லப் பேசினால் எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். உதடு அசைவது வீடியோவில் தெரிகிறது. ரூர்கேலாவில் டவர் சரியில்லையா, அல்லது அது நான் கேட்கக்கூடாத பேச்சா என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். எழுத்தில் சளி சளியாகவே வந்து சேரும். ஆகவே இனி கடிதம்தான்.

பாப்பா அழுகிறாள் பாருங்கள் என்று ஐரின் போனை அவள் முகத்தருகே கொண்டுபோனாள். வாய் திறந்திருந்தது தெரிந்தது. சத்தம் வரவில்லை. வேறு போன் வாங்கச் சொல்.

கோயில் விஷயம் உனக்கு இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். ஒலிபெருக்கியை இனி டோனி பார்த்துக்கொள்வான் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கிறானே, அவன்தான். இருபது வருஷத்துக்கு மேலாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்த மிக்சருக்குப் பக்கத்தில் நின்றது நான். “ஐயா, கொஞ்ச நாளைக்கு முன்னால உக்காந்து நிம்மதியா பூசை பாருங்க” என்று சாமி சிரித்துக்கொண்டே சொன்னார். சத்தம் ஊசி மாதிரிக் குத்துகிறது, வாசகம் வாசித்தால் காது கூசுகிறது என்று யாரோ புகார் சொன்னார்களாம். யார் அந்த யாரோ? நான் வைத்துவிட்டு வந்த அளவை எவனோ திருகியிருக்க வேண்டும். டோனிக்கு அந்த மிக்சர் மேல் வெகுநாளாகக் கண். இப்போது அவன் வைக்கிற சத்தத்தில் ஒரு வாசகமும் விளங்கவில்லை. போர்வைக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது. ஆனால் ஒருவரும் புகார் சொல்லக் காணோம். இது பேசி வைத்துச் செய்த வேலை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நல்ல சத்தம் என்றால் என்ன என்பதை நம் வீட்டுக் கூடத்திலேயே கேட்கப் போகிறேன். ஒரு ஆடியோ செட் கட்டுகிறேன். பதறாதே. கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விற்கிற லட்ச ரூபாய்ச் சாமான் இல்லை. இருபதாயிரத்துக்குள் முடித்துவிடுவேன். சமையலறை அலமாரி செய்தபோது மிஞ்சிய பிளைவுட் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பெட்டிக்கு அதுவே போதும். ஆம்ப்ளிஃபயர் வேலைக்கு அவனியாபுரம் நல்லகாமன் இருக்கிறான். கோயில் ஆம்ப்ளிஃபயரை வருஷக்கணக்காக ரிப்பேர் பார்க்கிறவன், நம் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். நம்பகமான ஆள் என்றுதான் இப்போதைக்கு நினைக்கிறேன்.

வீட்டில் வேறு விசேஷமில்லை. குக்கர் விசில் கெட்டுவிட்டது. விசில் வரும் வரும் என்று கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், தீய்ந்த வாசம்தான் வந்தது. நீ புறப்படும் முன் அந்த வெயிட்டை யாருக்காவது மாற்றிக் கொடுத்தாயா? இந்த வருஷம் கொசு ரீங்காரம் இல்லை. ஆனால் கடி மட்டும் குறையவில்லை. மாநகராட்சிக்காரர்கள் என்ன மருந்தை அடிக்கிறார்களோ.

ஈஸ்டர் முடிந்து வருகிறேன் என்றாய். பிறகு பாப்பாவுக்குத் தடுப்பூசி என்றாய். இப்போது மழை என்கிறாய். ஒடிசாவில் மழை பெய்தால் ரயில் ஓடாதா? உன்னை அங்கே பிடித்து வைத்திருப்பது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பாப்பாவை ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
உன் கணவன்,
வ. இன்பசேகரன்


திருநகர், மதுரை-6
ஜூலை 20

அன்புள்ள பிலோமினாளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆனால் என் கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது என்று தெரியும். பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி மதில் மேல் எட்டிப் பார்த்து, “குக்கரை அடுப்புல வச்சா பக்கத்துலயே நில்லுங்கண்ணே” என்றாள். குக்கர் விஷயத்தை நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன். ஆக, எனக்குப் பதில் எழுத நேரமில்லாத உனக்குக் கனகலட்சுமியோடு போனில் பேச நேரமிருக்கிறது. நான் என்ன செய்கிறேன், யார் வருகிறார்கள் என்று அவளை வைத்து விசாரிக்கிறாய் போலிருக்கிறது. விசாரித்துக்கொள். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

செட் வேலை முக்கால்வாசி முடிந்தது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு ஸ்பீக்கர். கீழே பெரியது, வூஃபர். தவில், மத்தளம், ஆண்குரலின் அடி எல்லாம் அதிலிருந்து வரும். மேலே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, பட்டுத்துணி ஒட்டிய குமிழ் மாதிரி இருப்பது ட்வீட்டர். சலங்கை, ஜால்ரா, புல்லாங்குழலின் காற்று, பாடுகிறவர் ‘ச’ என்று சொல்லும்போது நாக்கு நுனியில் பிறக்கிற சத்தம், எல்லாம் அதன் பொறுப்பு. அது இல்லாவிட்டால் பாட்டு மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கிற பாட்டுதான்.

பிளைவுட்டை அறுத்துப் பெட்டி செய்தது நானும் தச்சர் சுருளியும். மூலைக்கு மூலை பசை வைத்து, காற்றுப் போகாமல் அடைத்து, உள்ளே பழைய தலையணைப் பஞ்சைத் திணித்திருக்கிறேன். உன் தலையணை இல்லை, என்னுடையது. ஆம்ப்ளிஃபயர் போர்டு உள்ளங்கை அகலம்தான். நல்லகாமன் அதைப் பழைய டிவிடி பிளேயரின் டப்பாவுக்குள் அடக்கிக் கொடுத்தான். பார்ப்பதற்கு ஏழ்மையாக இருந்தாலும் வேலை சுத்தம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுதுகிறேன், கவனி.

பெட்டிகளை அவன் பட்டறையில் வைத்து முதல்முறையாகப் பாட்டுப் போட்டோம். வூஃபர் அருமை. ஆனால் மேலே ஒன்றுமே இல்லை. சலங்கை இல்லை, குழலில் காற்று இல்லை. ட்வீட்டர் வேலை செய்யவில்லை என்றேன். நல்லகாமன் குனிந்து காதை வைத்தான். “பாடுதுண்ணே, நல்லாப் பாடுது” என்றான். நானும் காதை வைத்தேன். ஈ எறும்புச் சத்தம்கூட இல்லை. “இம்புட்டுக் கிட்டக்க வச்சும் கேக்கலையாண்ணே?” என்று என் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். பொய்க் காரணம் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? டூப்ளிகேட் சரக்கைப் போட்டுவிட்டு, இந்தக் கிழவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று எண்ணிவிட்டான்.

நான் விடவில்லை. வேறு ஜோடி மாற்றச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே விலை கூடிய ஒன்றைப் போட்டான். என்ன முணுமுணுத்தான் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் எல்லோருக்கும் முணுமுணுக்கும் வியாதி வந்திருக்கிறது. பால்காரரிலிருந்து பாங்க்கில் உட்கார்ந்திருக்கிற பெண் வரைக்கும் ஒருவரும் வாயைத் திறந்து பேசுவதில்லை.

புது ஜோடியும் அதே கதைதான். வீட்டுக்குக் கொண்டுவந்து, மேல் சத்தத்தைக் கூட்டுகிற டிரபிள் குமிழை வலது கோடி வரைக்கும் திருகி வைத்த பிறகு ஏதோ கொஞ்சம் உயிர் வந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் கனகலட்சுமி கூடத்துக்குள்ளேயே வந்து நிற்கிறாள். காலிங் பெல் அடித்து அடித்துக் கை வலித்ததாம். “குறைச்சு வைங்கண்ணே, கம்பியால பல்லைத் தேய்க்கிற மாதிரி இருக்கு. எங்க வீட்டு நாயி கட்டிலுக்கு அடியில போயிருச்சு” என்றாள். தவில் ஓசை பெரிதாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். எனக்கே அரைகுறையாகக் கேட்கிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் இவள் பல்லைத் தேய்க்கிறதாம். அவள் வீட்டு டிவி பழசு. நம் வீட்டில் புதுசாக ஒன்று வந்தது பொறுக்கவில்லை.

உன் ரயில் டிக்கெட் விஷயமாக ஒரு வரி எழுது. வருகிற தேதி வேண்டும்.

இப்படிக்கு,
இன்பசேகரன்


திருநகர், மதுரை-6
ஆகஸ்ட் 19

பிலோமினாளுக்கு,

மாதா திருநாள் பூசைக்குப் போய் வந்தேன். சாமியின் பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. நடுவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாத காரியங்கள் நடந்திருக்கின்றன. நீ அவற்றை எப்படி எடுத்துக்கொள்வாயோ, ஏற்கெனவே யார் வழியாகக் கேட்டாயோ தெரியாது.

இடது பெட்டியின் ட்வீட்டர் செத்துவிட்டது. இந்த முறை நானாகச் சொல்லவில்லை, நல்லகாமனே மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னான். உள்ளே சுருள் கம்பி எரிந்துவிட்டதாம். “டிரபிளைக் கடைசி வரைக்கும் திருகி நாள் பூரா ஓட்டுனா எரியாம என்னண்ணே செய்யும்?” என்றான். பழி என் மேல்! பட்டறையில் திருவிழா மைக் செட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன், எரிந்துபோன சாமானைத் துடைத்துப் புதுசு என்று மாட்டியது யார் என்று. நீ என்னை ஏமாற்றுகிறாய் என்றும் சொன்னேன்.

அவன் கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை. அதனால் பாதி எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வரச் சொன்னேன். வந்து, “எங்கப்பன் செத்தப்ப ஆசுபத்திரியில எங்கூட நின்னவரு நீங்க. அதுக்காக விடுறேன். ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீங்க. காதை ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டுங்க” என்றான்.

காது! அந்த நேரம் பார்த்து, விமான நிலையத்தில் இறங்கப் போகிற விமானம் ஒன்று பட்டறைக்கு மேலே தாழப் பறந்தது. இது எனக்குக் கேட்கிறதா இல்லையா என்று அவனிடமே கேட்டேன். ஆகாயத்தில் போகிறது கேட்கிறது, அரை அடியில் இருக்கிறது கேட்கவில்லை என்றால் குறை யாரிடம்? செட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நல்லகாமன் நான் கொடுத்த முழுத்தொகையையும் எடுத்துப் பெட்டி மேல் வைத்தான். “போர்டை நீங்களே வச்சுக்கங்க. இனிமே இந்தப் பட்டறைக்கு வர வேணாம்ணே” என்றான். பணத்தை எடுக்காமல் வந்துவிட்டேன். குற்றம் இல்லாதவன் பணத்தைத் திருப்பித் தருவானா? நீயே சொல்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதற்கு வெளிச்சாட்சி வேண்டும் என்று, உயிரோடு இருப்பதாகச் சொல்லப்படுகிற வலது பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். நல்லகாமனைத் தெரியாத ஒரு ஸ்பீக்கர் கடை. ட்வீட்டர் பாடுகிறதா இல்லையா, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் நடுவயது ஆள், மரியாதையாகத்தான் பேசினார். போனிலிருந்து ஒரு விசில் சத்தத்தைப் பெட்டிக்குள் விட்டார். கீழ் ஸ்தாயியில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போகிற சத்தம். முதலில் எருமை முனகுவது போல, பிறகு ஊதுகுழல் போல, பிறகு மெல்லிசாக. அப்புறம் நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அவர் முகம் சுளித்திருந்தது. பக்கத்தில் ஒயர் வாங்க வந்த அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். டீ கொண்டுவந்தவர் தூக்குவாளியோடு வாசலுக்கே திரும்பிப் போய்விட்டார். “நிறுத்தலையே சார். ஓடிக்கிட்டுத்தான் இருக்கு” என்றார் கடைக்காரர்.

பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் யோசித்தேன். ஒரே தொழில் செய்கிறவர்கள். அவனியாபுரத்துக்கும் டவுனுக்கும் ஒரு போன் தூரம். இன்ன மாதிரி ஒரு பெரியவர் பெட்டியோடு வருவார் என்று நல்லகாமன் சொல்லி வைத்திருக்கலாம். அந்த அம்மாவும் அவர்கள் ஆளாக இருக்கலாம். டீக்காரரும்கூட. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மனிதனைச் செவிடன் என்று நம்பவைக்க முடியாதா என்ன?

டாக்டர், காது என்ற பேச்சை முதலில் எடுத்தவள் நீதான் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. இந்தப் பேச்சு உன்னிடமிருந்து புறப்பட்டு ஊரெல்லாம் சுற்றுகிறதா? நேர்மையாகப் பதில் எழுது.

இன்பசேகரன்


திருநகர், மதுரை-6
செப்டம்பர் 22

என் பிரியமுள்ள பிலோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரே பக்கம். ஏழு மாதத்தில் நீ எனக்கு எழுதிய ஒரே பக்கம்.

‘ஒரு பேச்சை உங்களிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. சத்தமாகச் சொன்னால் ஏன் கத்துகிறாய் என்பீர்கள். மெதுவாகச் சொன்னால் யாரோடு ரகசியம் என்பீர்கள். டாக்டரைப் பாருங்கள் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறேன், அதுவும் உங்கள் காதில் விழவில்லை. இங்கே நான் ஒரு தடவை சொன்னால் போதும். அந்த நிம்மதிக்காகத்தான் இருக்கிறேன். என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை’ என்று எழுதியிருந்தாய். கோபமாக எழுதியிருந்தால் நானும் கோபமாகப் பதில் எழுதியிருப்பேன். நீ கோபமில்லாமல் எழுதியிருந்தாய்.

படித்துவிட்டு அன்றைக்கே நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. முதலில் எனக்குத் தோன்றியது, இவர்கள் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான். டவுன் கடைக்காரர் போட்ட அந்த விசில் சத்தத்தை என் போனிலும் இறக்கிக்கொண்டேன். கனகலட்சுமி வீட்டுக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு சின்னப் பரிசோதனை, சத்தம் கேட்கும்போது கையைத் தூக்கு, நின்றதும் இறக்கு என்றேன். உனக்குத் தெரியும், அவள் ஏன் எதற்கு என்று கேட்கிறவள் இல்லை. அவளை முதுகு காட்டி உட்காரவைத்தேன். எனக்குக் கேட்காத அந்த மேல் சத்தத்தை வைத்து, போனை என் இடுப்புக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, மனம்போனபடி அமுக்கினேன், நிறுத்தினேன். வெகுநேரம் சும்மா விட்டேன். சட்டென்று அமுக்கினேன். பொய் சொல்கிறவள் எங்கேயாவது ஒரு இடத்தில் தவற வேண்டுமே.

அவள் தவறவே இல்லை, பிலோ. என் விரல் பட்ட நேரமெல்லாம் அவள் கை மேலே போனது. எடுத்த நேரமெல்லாம் இறங்கியது. எனக்கு அந்த வீடு நிசப்தமாக இருந்தது. அவள் கை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டாள். “அண்ணே, பெல் அடிச்சா நீங்க வரமாட்டீங்க. கூப்பிட்டாத் திரும்ப மாட்டீங்க. எங்க மேல ஏதோ வருத்தம் போலன்னு நானும் எங்க வீட்டுக்காரரும் இம்புட்டு நாளாப் பேசிக்கிட்டிருந்தோம்” என்றாள். நான் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர்கள் என்னை அப்படி நினைத்திருக்கிறார்கள்.

காது டாக்டரிடம் போனேன். அங்கே கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சிறிய அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பித்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். பரிசோதிக்கிற பெண்ணுக்கு நம் ஐரின் வயது இருக்கும். உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒன்றும் கேட்காத நேரத்திலும் ஒரு உத்தேசமாக அமுக்கினேன். எப்படியாவது தேறிவிடலாம் என்ற நப்பாசை. அவள் கதவைத் திறந்து உள்ளே வந்து, “ஐயா, நான் இன்னும் சத்தமே குடுக்கலையே” என்றாள். சிரிக்கவில்லை. “அவசரமில்லை, மறுபடி ஆரம்பிக்கலாம்” என்றாள். மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை நேர்மையாக அமுக்கினேன். வெகுநேரம் அமுக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு காதிலும் நரம்பு தேய்ந்திருக்கிறதாம். கீழ் சத்தங்கள் கேட்கும், மேல் சத்தங்கள் போய்விட்டன. விமானம் கேட்கும், குழந்தை அழுகை தேய்ந்துதான் கேட்கும். பேச்சின் ஓசை வரும், ஆனால் எந்த எழுத்து என்று தெரியாது. அதனால்தான் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று தோன்றும் என்று டாக்டர் சொன்னார். வயது ஒரு காரணம், கோயில் ஹாரன் ஒலிபெருக்கிகளுக்கு அடியில் நின்றது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். மருந்தில்லை. கருவி வைக்க வேண்டும். இரண்டு காதுக்கும் சேர்த்து அவர் சொன்ன விலையில் நம் ஆடியோ செட்டைப் போல நாலைந்து கட்டலாம். வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அங்கிருந்து நேரே அவனியாபுரம் போனேன். மறுநாள் போகலாம் என்று நினைத்திருந்தால் போயிருக்கவே மாட்டேன். நல்லகாமன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து வேலையைத் தொடர்ந்தான். பட்டறையில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும், சொன்னதும் ஆட்கள் முன்னால்தானே. உன் ட்வீட்டரில் ஒரு குறையும் இல்லை, குறை என் காதில், உன்னை ஏமாற்றுக்காரன் என்றது என் வாய்க்கொழுப்பு என்று எல்லோருக்கும் கேட்கிறபடி சொன்னேன். எனக்கே என் குரல் பெரிதாகத்தான் இருந்தது.

அவன் உடனே இளகிவிடவில்லை. “இது என்ன புதுசா? ரெண்டாவது பெட்டியும் எரிஞ்சு போச்சாண்ணே?” என்றான். எனக்கு அது வேண்டியதுதான். டாக்டர் கொடுத்த வரைபடத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஸ்பீக்கர் அட்டைப் பெட்டிகளில் இதே மாதிரிக் கோடு போட்டிருப்பார்களாம். அந்தக் கோடு வலது பக்கம் சரிந்து விழுகிற இடத்தில் விரலை வைத்தான். “இம்புட்டையும் விட்டுப்புட்டா இத்தனை நாளா எங்ககூடப் பேசிக்கிட்டிருந்தீங்க?” என்றான். அதற்குப் பிறகு டீ சொன்னான்.

போன சனிக்கிழமை அவனே நம் வீட்டுக்கு வந்தான். இடது பெட்டிக்கு வேறு ட்வீட்டர் மாட்டினான். குமிழை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு நின்றது. எனக்குச் சலங்கை கேட்கிற அளவுக்குத் திருகினால் மற்றவர்கள் கூடத்தில் உட்கார முடியாது. மற்றவர்களுக்குச் சரியாக வைத்தால் எனக்குச் சலங்கை கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் தேடிப் பார்த்தான், இல்லை. “யாருக்குண்ணே வைக்கட்டும்?” என்று கேட்டான். கனகலட்சுமியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தேன். உன் வயதுக்காரி, நல்ல காது. அவள் போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்தச் சொன்னேன். மாதா பாட்டு ஒன்று ஓடியது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தில் வந்து நிற்கிறது என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல செட்தான் கட்டியிருக்கிறேன், பிலோ. குமிழின் மேல் டேப் ஒட்டிவிட்டேன். இனி நான் திருக மாட்டேன்.

உங்களைச் சந்தேகப்பட்டதற்கு நான் வருத்தப்பட்டதாக ஐரினிடம் சொல். மாப்பிள்ளையிடமும். டோனியைப் பூசைக்குப் பிறகு பார்த்து, சத்தம் நன்றாக வைக்கிறாய் தம்பி என்று சொன்னேன். அவன் பயந்துபோய்விட்டான்.

கருவி அடுத்த வாரம் வந்துவிடும். ஆனால் மாட்டிய உடனே எல்லாம் சரியாகிவிடாதாம். முதலில் தட்டு வைக்கிற சத்தம், செருப்புத் தேய்கிற சத்தம் எல்லாம் இரைச்சலாக வந்து எரிச்சல் மூட்டுமாம். மறந்துபோன சத்தங்களை மூளை மறுபடி படிக்க மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை யாராவது தினமும் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும், தனியாக இருப்பவர்கள் பெரும்பாலும் கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். தாளில் எழுதிக்கொண்டே, “வீட்டில் உங்களோட பேச யாரு இருக்காங்க, ஐயா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி எனக்கு முதல் தடவையிலேயே சரியாகக் கேட்டது. ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பதிலுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

என் மனைவி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

உன்னையும் பிள்ளைகளையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உன்,
இன்பசேகரன்